பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு வேகம் கூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வொர்க்ஸ்டேஷன் என்று இங்கே சொல்வது 2010-க்கும் 2016-க்கும் இடையில் வந்த கனமான டெஸ்க்டாப்களை. எச்பி இசட் வரிசை, டெல் பிரிசிஷன், லெனோவா திங்க்ஸ்டேஷன் போன்றவை. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை. உள்ளே இன்டெல் ஜியான் பிராசஸர், எட்டு ரேம் ஸ்லாட், திருப்புளி இல்லாமலே திறக்கும் பக்கக் கதவு. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பிறகு வீடுகளுக்கும் சின்ன ஸ்டூடியோக்களுக்கும் வந்து சேர்கின்றன. இப்படி ஒன்று என் மேசைக்கு அடியிலும் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கை வைக்கும்போது எனக்கே எழுந்த கேள்விகளும், நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும்தான் கீழே இருப்பவை.

இத்தனை வயதான பெட்டிக்குச் செலவு செய்வது வீண் இல்லையா?

நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. 2012-இல் வந்த ஜியான் இ5 பிராசஸருக்கு நான்கு ரேம் சேனல் (ரேமோடு பேசும் பாதை), 40 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் (செருகும் கார்டுகளோடு பேசும் பாதை). அதே வருஷத்துச் சாதாரண டெஸ்க்டாப் ஐ7-க்கு இரண்டு சேனல், 16 லேன், அதிகபட்சம் 32 ஜிபி ரேம். அடித்தளம் அவ்வளவு அகலமாகப் போடப்பட்டிருப்பதால்தான் இன்றும் அதன்மேல் இன்னொரு மாடி கட்ட முடிகிறது. பெரிய படங்களைத் திருத்துவது, பல மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது, 3டி ரெண்டரிங், வீட்டுக் கோப்பு சர்வர் ஆகியவற்றுக்கெல்லாம் இன்னும் தாராளமாக ஈடுகொடுக்கும்.

ஆனால் ஒற்றைக் கோரின் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனி அலகின்) வேகம் மட்டும் அந்தக் காலத்து வேகம்தான். எந்தப் பாகத்தை மாற்றினாலும் ஓரளவுக்கு மேல் அது ஏறாது. உங்கள் வேலை முழுக்க அதை நம்பியிருந்தால் கடைசியிலிருந்து இரண்டாவது கேள்வியை முதலில் படியுங்கள்.

எதை முதலில் மாற்றுவது?

இதற்குப் பதில் கடையில் இல்லை, உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ஒன்றும் வாங்காமல் ஒரு நாள் வேடிக்கை மட்டும் பாருங்கள்.

எந்த வேலை செய்யும்போது எரிச்சல் வருகிறதோ அந்த வேலையை ஓடவிட்டு, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, பிராசஸர் 10, 15 என்று சும்மா இருந்தால் கணினி டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி, அதோடு டிஸ்க்கும் துடித்துக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை. இடமில்லாமல் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. எல்லாக் கோர்களும் நிறைந்திருந்தால் பிராசஸர் மாற்றுவதில் பலன் உண்டு.

ஏமாற்றக்கூடிய ஓர் இடம் உண்டு. எட்டு இழை (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) கொண்ட பிராசஸரில் மொத்தப் பயன்பாடு 12, 13 சதவீதம் என்று காட்டும், வேலையோ நகரவே நகராது. எட்டில் ஒரு பங்கு எவ்வளவு? பன்னிரண்டரை. அதாவது ஒரே ஓர் இழை மூச்சுத் திணற ஓடிக்கொண்டிருக்கிறது, மற்ற ஏழும் கைகட்டி நிற்கின்றன. அந்த வரைபடத்தின் மேல் வலது சொடுக்கு செய்து, ஒவ்வொரு இழைக்கும் தனிப்படம் வரும்படி மாற்றினால் பெரும்பாலும் இது தெரிந்துவிடும். இந்த நிலையில் இருப்பவர் 12 கோர் பிராசஸர் வாங்கினால், கைகட்டி நிற்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

தெரியும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் ஓட்டுகிறீர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், இதுதான் முதல் வேலை.

காரணம் இதுதான். 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் நீளமாக ஒரே கோப்பைப் படிக்கும்போது வினாடிக்கு 150 எம்பி அளவுக்குத் தரும், அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் விண்டோஸ் ஆன் ஆகும்போது நடப்பது அது இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் படிக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஊசி நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். வினாடிக்கு நூறு சொச்சம் தேடல்தான் அதனால் முடியும். நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே ஒரு வினாடியில் பல்லாயிரம் தேடல்களை முடித்துவிடுகிறது.

சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் மாட்டும் வகை) வாங்கினால் அதை மாட்டும் போர்ட்டையும் பாருங்கள். பல வொர்க்ஸ்டேஷன்களில் எல்லா சாட்டா போர்ட்டும் ஒரே வேகம் இல்லை. சில 6 ஜிகாபிட், சில 3 ஜிகாபிட். முதலாவதில் வினாடிக்கு 550 எம்பி வரை கிடைக்கும், இரண்டாவதில் 280-ஐ ஒட்டி நின்றுவிடும். போர்ட்டின் நிறம் பெரும்பாலும் வேறாக இருக்கும். எந்த நிறம் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். 3 ஜிகாபிட் போர்ட் மட்டுமே இருந்தாலும் கவலைப்படாதீர்கள். தேடும் வேகம்தான் முக்கியம், அது எப்படியும் வந்துவிடும்.

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்கலாமா, புதிதாக நிறுவ வேண்டுமா?

குளோன்சில்லா போன்ற மென்பொருளால் நகல் எடுக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். நான் புதிதாக நிறுவச் சொல்வேன். பத்து வருஷக் குப்பையைப் புது வீட்டுக்கும் எடுத்துப் போவானேன்?

நகல்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு பொறி இருக்கிறது. பழைய கணினியின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) சாட்டா அமைப்பு ஐடிஇ என்றோ ரெய்டு என்றோ இருக்கலாம். எஸ்எஸ்டிக்கு ஏஎச்சிஐ நல்லது என்று எங்கேயோ படித்துவிட்டு அதை மாற்றிச் சேமித்தால், விண்டோஸ் நீலத்திரை காட்டிவிட்டு விழும். அதற்கான டிரைவரை அது ஏற்றி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். பயந்து மறுபடி நிறுவ வேண்டாம். பழைய அமைப்புக்கே திரும்பி, அடுத்த முறை சேஃப் மோடில் திறக்கும்படி விண்டோஸில் சொல்லிவிட்டு, மறுதொடக்கத்தின்போது பயாஸில் ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை திறந்தால் டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும். அப்புறம் சேஃப் மோடு அமைப்பை நீக்கிவிடலாம்.

எம்.2 ஸ்லாட்டே இல்லை. என்விஎம்இ எஸ்எஸ்டி போட வழி உண்டா?

உண்டு. சின்னப் பட்டை வடிவில் வரும் வேகமான எஸ்எஸ்டியான எம்.2 என்விஎம்இ, வேறு உருவத்தில் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுதான். அதனால் காலியாக இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு அடாப்டர் கார்டைச் செருகி, அதில் மாட்டலாம். அடாப்டரில் பெரிதாக ஒன்றும் இருக்காது, தடங்களை இழுத்து இணைத்திருப்பார்கள்.

வேகம் ஸ்லாட்டைப் பொறுத்தது. மூன்றாம் தலைமுறை, நான்கு லேன் என்றால் வினாடிக்கு 3500 எம்பி வரை போகும். இரண்டாம் தலைமுறை என்றால் அதில் பாதி. ஸ்லாட்டின் நீளத்தை நம்பாதீர்கள். பார்க்க 16 லேன் நீளம் இருக்கும், உள்ளே நான்கு லேனுக்குத்தான் கம்பி போயிருக்கும். மதர்போர்டில் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

அடாப்டரில் மாட்டிய என்விஎம்இ விண்டோஸுக்குள் போன பிறகு தெரியும், ஆனால் அதிலிருந்து கணினி ஆன் ஆகாமல் போகலாம். காரணம், பழைய பயாஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. குளோவர் போன்ற ஒரு பூட் லோடரை (விண்டோஸைத் தொடங்கிவைக்கும் சிறு மென்பொருள்) யூஎஸ்பி டிரைவில் போட்டு, அதன் வழியாகத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்கிறது, ஆனால் அந்த யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டால் கணினி விழிக்கும். நான் இதில் மல்லுக்கட்டவில்லை. விண்டோஸை சாட்டா எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, வீடியோக் கோப்புகளையும் தற்காலிகக் கோப்புகளையும் என்விஎம்இயில் வைத்திருந்தேன். விண்டோஸ் திறப்பதில் இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கொஞ்சம்தான்.

எம்.2 வடிவிலேயே சாட்டா எஸ்எஸ்டியும் விற்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அது இந்த அடாப்டரில் வேலை செய்யாது.

ரேம் எவ்வளவு போடலாம்? எந்த ரேம் வாங்குவது?

எவ்வளவு என்பது எளிது. டாஸ்க் மேனேஜரில் உங்கள் வழக்கமான வேலை எவ்வளவு கேட்கிறது என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். தேவைக்கு மேல் ரேம் போட்டால் கணினி வேகமாகாது. 64 ஜிபி போட்டு 9 ஜிபி பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த ரேம் என்பதில்தான் எல்லாரும் அடிபடுகிறார்கள், நானும் சேர்த்து. வொர்க்ஸ்டேஷனில் மூன்று விதமான டிடிஆர்3 (அந்தக் காலத்து ரேம் தலைமுறை) புழங்குகிறது. சாதாரண ரேம், பிழைதிருத்தும் இசிசி ரேம், அதிலேயே இடையில் ஒரு கூடுதல் சிப்போடு வரும் ரெஜிஸ்டர்டு என்று இன்னொரு வகை. மூன்றும் ஒரே நீளம், வெட்டுப்பள்ளமும் ஒரே இடத்தில். எதை வேண்டுமானாலும் ஸ்லாட்டில் அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ரெஜிஸ்டர்டு ரேமையும் மற்றதையும் கலந்தால் கணினி ஆன் ஆகாது. சில போர்டுகள் ரெஜிஸ்டர்டை ஏற்கவே ஏற்காது. எச்பி இசட்420 ரெஜிஸ்டர் இல்லாத ரேம் மட்டும்தான் ஏற்கும், எட்டு ஸ்லாட்டில் மொத்தம் 64 ஜிபி. அதன் அண்ணன் இசட்620 ரெஜிஸ்டர்டையும் ஏற்கும்.

நான் என்ன செய்தேன் என்றால், சர்வரிலிருந்து கழற்றிய ரேம் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கு பட்டை வாங்கி வந்து, ஆசை ஆசையாக மாட்டிப் பட்டனை அழுத்தினேன். ஃபேன்கள் சுழன்றன, திரை கறுப்பு, உள்ளேயிருந்து பீப் பீப் என்று ஒரே புலம்பல். ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிச் செருகிய பிறகுதான் பட்டையில் ஒட்டியிருந்த லேபிளை ஒழுங்காகப் படித்தேன். அதில் பிசி3 என்று தொடங்கும் எண்ணின் கடைசியில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு, இ என்றால் ரெஜிஸ்டர் இல்லாத இசிசி, யூ என்றால் சாதாரணம். நான் வாங்கியதில் ஆர். என் போர்டுக்கு வேண்டியது இ.

அதே லேபிளில் இருக்கும் 12800 என்ற எண் 1600 மெகாஹெர்ட்ஸ் ரேமையும், 14900 என்பது 1866-ஐயும் குறிக்கும். அந்த 12800 சும்மா வைத்த பெயர் இல்லை. ஒரு சேனல் வழியாக வினாடிக்கு 12,800 எம்பி போகும் என்று அர்த்தம். நான்கு சேனலிலும் ஒவ்வொரு பட்டை இருந்தால் 51,200. அதனால் 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16 வாங்குவதைவிட நான்கு 8 மேல். எந்த நான்கு ஸ்லாட் என்பது பக்கக் கதவின் உள்பக்கம் ஒட்டிய படத்தில் இருக்கும்.

போட்ட பிறகு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். பழைய ரேம் என்றால் கட்டாயம்.

பிராசஸர் மாற்றுவதென்றால் அதிகக் கோர் உள்ளதை வாங்கலாமா, அதிக கிகாஹெர்ட்ஸ் உள்ளதை வாங்கலாமா?

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். உங்களிடம் இருப்பது ஜியான் இ5-1620 என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தற்காலிகமாக வேகம் கூட்டும்போது) 3.8. அதே சாக்கெட்டில் உட்காரக்கூடிய இ5-1650 வி2-க்கு ஆறு கோர், 3.5, டர்போவில் 3.9. இ5-2697 வி2-க்குப் பன்னிரண்டு கோர், ஆனால் 2.7, டர்போவில் 3.5. மூன்றும் 130 வாட்தான். மின்சாரமும் சூடும் ஒரே அளவு என்பதால், கோரைக் கூட்டினால் ஒவ்வொரு கோரின் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

ரெண்டரிங், வீடியோ மாற்றம், நிரல் தொகுப்பு என்றால் பன்னிரண்டு கோர் பிய்த்துக்கொண்டு ஓடும். கேட் (கணினியில் வரையும் பொறியியல்) வரைபடம், பெரிய எக்செல், பெரும்பாலான விளையாட்டுகள் என்றால் அதே பன்னிரண்டு கோர் உங்கள் பழைய நான்கு கோரைவிட மெதுவாகவே இருக்கலாம். 1967-இலேயே கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஒரு வேலையில் பாதியைத்தான் பிரித்துக் கொடுக்க முடியும் என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் அந்த வேலை இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகாது. பிரிக்க முடியாத பாதி அப்படியே நிற்கிறதே.

எல்லாம் கலந்து செய்கிறவருக்கு நான் சொல்வது ஆறு அல்லது எட்டுக் கோர், கிகாஹெர்ட்ஸ் குறையாமல். இ5-1650 வி2 அந்த வகையில் நல்ல இடைநிலை.

சாக்கெட் ஒன்றுதானே, எந்த ஜியானும் உட்காருமா?

உட்காராது. எல்ஜிஏ 2011 என்று ஒன்று, எல்ஜிஏ 2011-3 என்று ஒன்று. இரண்டிலும் 2011 முனைகள்தான், ஆனால் இரண்டும் வேறு. முதலாவது 2012-இல் வந்த இ5 முதல் தலைமுறைக்கும் 2013-இல் வந்த வி2-வுக்கும். இரண்டாவது வி3, வி4-க்கு, அதில் ரேம் டிடிஆர்4.

சாக்கெட் பொருந்தினாலும் பயாஸ் ஒத்துக்கொள்ள வேண்டும். புதிய பிராசஸரை மாட்டுவதற்கு முன்பு, பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள். மாட்டிவிட்டு ஏற்றலாம் என்றால் திரையே வராது, எதை வைத்து ஏற்றுவது? விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால் முதலில் அதை இடைநிறுத்துங்கள்.

எச்பி இசட்420, 620, 820 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு படி. பயாஸ் அமைப்பில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பூட் பிளாக் தேதி என்று ஒரு வரி இருக்கும். அது 2013 என்றால் வி2 பிராசஸர் போடலாம். 2011 என்றால் போட முடியாது, வழக்கமான பயாஸ் புதுப்பிப்பால் அந்தத் தேதி மாறாது. முதல் தலைமுறை பிராசஸருக்குள்ளேயேதான் தேட வேண்டும். பழைய பெட்டி வாங்கப் போகும்போது, முடிந்தால் ஆன் செய்யச் சொல்லி இந்த வரியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிராசஸரை நானே கழற்றி மாட்டலாமா?

தாராளமாக. அவசரப்படாமல் இருந்தால் போதும்.

பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், பிராசஸருக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகத் தொகுதியான ஹீட்சிங்குக்கும் இடையே காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்ட் இளகும். மின் கேபிளைப் பிடுங்குங்கள், ஹீட்சிங்கின் நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நேராகத் தூக்காமல் இடவலமாக லேசாகத் திருகி எடுங்கள். பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி பொரிந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் வந்துவிடும்.

இந்த சாக்கெட்டில் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். எதை முதலில் திறப்பது என்று அதன் தகட்டிலேயே குறி போட்டிருப்பார்கள். மூடும்போது கறக் என்று சத்தம் வரும், ஏதோ உடைந்துவிட்டது போல இருக்கும். அது இயல்புதான். இயல்பில்லாதது, பிராசஸரைச் சாய்வாக வைத்துவிட்டு மூடுவது. முனைகள் பிராசஸரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. தலைமுடி கனத்தில் 2011 கம்பிகள். விரல் பட்டாலே வளையும். மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்து, சாய்வாகப் பாருங்கள். எல்லாக் கம்பியும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அது வளைந்திருக்கிறது. லெட் போடாத மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் அந்தக் கம்பியை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தலாம். நான் இரண்டு கம்பிகளை அப்படி நிமிர்த்தியிருக்கிறேன், மூன்றாவதற்குக் கை நடுங்கியதால் டீ குடித்துவிட்டு வந்தேன்.

தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. இந்த ஜியான்களின் மூடி சாதாரண பிராசஸரைவிடப் பெரியது என்பதால் பட்டாணி கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

இரண்டாவது பிராசஸர் போட்டால் வேகம் இரட்டிக்குமா?

ரெண்டரிங்கில் கிட்டத்தட்ட ஆம். மற்றபடி இல்லை. இரண்டு பிராசஸரும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், இரண்டாவதற்கும் தனியாக ரேம் போட வேண்டும், ஹீட்சிங்க் வேண்டும். இசட்620-இல் அதற்கென்றே தனி ரைசர் போர்டும் (கூடுதலாகச் செருகும் துணை போர்டு) தேவை. இ5-16 என்று தொடங்கும் பிராசஸர்கள் இரட்டையாக வேலை செய்யாது, 26 என்று தொடங்குபவைதான் செய்யும். ஒரே பெரிய பிராசஸர் போதும் என்பது என் கருத்து.

எந்த கிராபிக்ஸ் கார்டு தாங்கும்?

முதலில் மின்சாரம். ஸ்லாட் வழியாக 75 வாட் வரை வரும். 6 முனை கேபிள் ஒன்று இன்னொரு 75 வாட், 8 முனை என்றால் 150 வாட். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எத்தனை கேபிள் வருகிறது என்று எண்ணிவிட்டு அதற்குள் அடங்கும் கார்டைப் பாருங்கள். கேபிளே இல்லையென்றால் ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடுகிற கார்டுகள் இருக்கின்றன: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, குவாட்ரோ பி2000, 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் ஏ2000. சாட்டா கேபிளை 8 முனையாக மாற்றித் தரும் இணைப்பிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். உருகிய பிளாஸ்டிக் நாற்றம் லேசில் போகாது.

அப்புறம் லேன். ரேடியான் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் நான்கு லேனில் மட்டுமே பேசும். நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அது போதும். உங்கள் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் பாதியாகும், இரண்டாம் தலைமுறையில் கால்வாசி. விலை கவர்ச்சியாக இருந்தாலும் பழைய பெட்டிக்கு ஏற்றதில்லை. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் வேண்டும், இந்த வயதுப் போர்டுகளில் இருக்காது. இல்லாமல் போட்டால் வேகம் வெகுவாகக் குறையும்.

பெட்டியோடு வந்த குவாட்ரோ 4000 மாதிரியான, என்விடியாவின் பழைய ஃபெர்மி தலைமுறைக் கார்டுகளுக்குப் புது டிரைவர் வருவது நின்று பல வருஷமாகிறது. எஸ்எஸ்டி, ரேமுக்கு அடுத்தபடியாக அதை மாற்றலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பெரியதாக மாற்றிவிட்டால் என்ன?

பல மாடல்களில் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. உருவமும் வேறு, மதர்போர்டுக்குப் போகும் முனைகளின் எண்ணிக்கையும் வரிசையும் வேறு. மாற்று கேபிள்கள் விற்கிறார்கள், ஆனால் ஒரு கம்பி இடம் மாறினால் போர்டு போய்விடும். அதே மாடலுக்குக் கம்பெனி தந்த பெரிய எஸ்எம்பிஎஸ் பழைய பாகமாகக் கிடைத்தால் அதுதான் உசிதம். ஃபேன்களும் இப்படித்தான், நான்கு முனைக்குப் பதில் ஐந்து, ஆறு முனை இருக்கும். வேறு ஃபேன் மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஆன் செய்யும்போது பிழைச் செய்தி காட்டி நிறுத்தி வைக்கும்.

ஃபேன் விமானம் மாதிரி இரைகிறது. பழுதா?

பத்துக்கு எட்டு முறை தூசிதான். ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். பேஸ்ட்டையும் புதுப்பித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நேரம் தப்பாகக் காட்டினால் சிஆர்2032 பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 11 போடலாமா?

அதிகாரப்பூர்வமாக முடியாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை கோரோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் இருக்கின்றன, ஜியான் இ5-இல் ஓடவும் செய்கிறது, ஆனால் புதுப்பிப்புகள் வந்தே தீரும் என்று யாரும் உறுதி தரவில்லை. வேலைக்கான முக்கியமான கணினி என்றால் அதை நம்பி இருக்க மாட்டேன். லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை, என் பெட்டி இப்போது அதில்தான் ஓடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இ5 வி3-இலிருந்துதான் வந்தது. முதல் தலைமுறையிலும் வி2-விலும் கிடையாது. சில புதிய மென்பொருள்களும் விளையாட்டுகளும் அது இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்கின்றன. பிராசஸர் வாங்கும் முன் உங்கள் மென்பொருளின் தேவைப் பட்டியலைப் பாருங்கள்.

எப்போது இந்த முயற்சியைக் கைவிட வேண்டும்?

ஒற்றை இழையில்தான் உங்கள் வேலை நிற்கிறது என்று தெரிந்துவிட்டால். ஏவிஎக்ஸ்2 இல்லாமல் உங்கள் மென்பொருள் திறக்காதென்றால். மதர்போர்டு போய்விட்டால். இவை மூன்றுக்கும் மருந்து புதுக் கணினிதான்.

மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். புதுக் கணினியைவிட 100 வாட் கூடுதலாக இழுக்கிற பெட்டி தினம் எட்டு மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 292 யூனிட். இரவு பகலாக ஓடும் சர்வர் என்றால் 876. அவ்வப்போது ரெண்டரிங் செய்ய மட்டும் ஆன் செய்கிறவருக்கு இது பெரிதில்லை.

என் வரிசை இது: எஸ்எஸ்டி, ரேம். இரண்டையும் போட்டுவிட்டு ஒரு மாதம் பயன்படுத்துங்கள். பாதிப் பேருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை. அந்த இரண்டையும் போட்டும் எரிச்சல் தீரவில்லை என்றால் அப்போது பிராசஸரைப் பற்றியோ புதுக் கணினியைப் பற்றியோ யோசிக்கலாம்.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

பழைய பிராசஸரையும் ரேம் பட்டை ஒன்றையும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது கணினி ஆன் ஆகாமல் நின்றால், கோளாறு புதுப் பாகத்திலா போர்டிலா என்று கண்டுபிடிக்க அவைதான் உதவும். பிராசஸரை முகம் துடைக்கிற துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் போடாதீர்கள். புதுப் பிராசஸர் வந்த பிளாஸ்டிக் பெட்டியிலேயே வைத்து, மேலே மாடல் எண்ணை எழுதி ஒட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும், நகல் எடுக்க மறந்த கோப்பு ஒன்று நிச்சயம் நினைவுக்கு வரும்.